மாட்டுக் கணக்கும் மூட்டுக் கணக்கும்

மாடு வாங்கச் சந்தைக்குச் செல்லும் குடியானவர் கொம்பையும் குளம்பையும் பார்க்கிறார், சுழி பார்க்கிறார், பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், ஒரு வேளைப் பாலைக் கறந்து அளந்தும் பார்க்கிறார். இவ்வளவு பார்த்தும் அவருக்குத் தெரியாமல் நிற்பது ஒன்றுண்டு. அப்பசு எத்தனை ஈற்று நின்று பயன் தரும், அதன் கால்கள் எத்தனை வருஷம் உடலைத் தாங்கும் என்பதே அது.

தேய்ந்துபோன இடுப்பு மூட்டை எடுத்துவிட்டு உலோக மூட்டுப் பொருத்தும் ரண வைத்தியரின் நிலையும் இத்தகையதே. நோயாளி சில வாரங்களில் ஊன்றுகோலை விட்டு நடப்பதை அவர் கண்ணால் காண்கிறார். அம்மூட்டு பத்து வருஷம் நிற்குமா, இருபது வருஷம் நிற்குமா என்பதை அன்று அவர் காண இயலாது. கண்ணுக்கு உடனே தெரியாத இந்தப் பயனை அளப்பதற்கு ஒரே மார்க்கந்தான் உண்டு. பலவற்றை ஒழுங்காக எண்ணி, பல காலம் விடாமல் எழுதி வைத்து, அவ்வெழுத்தை முறைப்படி கணக்கிடுதலே அம்மார்க்கம். வயலில் பிறந்து, தொழுவத்தில் வளர்ந்து, வைத்தியசாலைக்கும் சென்ற இக்கணக்கு முறையின் வரலாறும், அதைக் குடியானவர் தம் வீட்டில் கையாளும் விதமும் இங்கே விளக்கப்படுகின்றன.

வயலில் பிறந்த முறை

இங்கிலாந்து தேசத்தில் ரோதம்ஸ்டெட் என்னும் இடத்தில் 1843-ம் வருஷத்தில் லாஸ் என்பவரும் கில்பர்ட் என்பவரும் எருக்களைச் சோதிக்கத் தொடங்கினர். ஒரு பாத்திக்கு ஓர் எருவும் அடுத்த பாத்திக்கு வேறோர் எருவும் இட்டு, மகசூலை ஆண்டுதோறும் எழுதி வைத்தனர். எழுபது வருஷத்துக்கு மேலாகக் குறிப்புகள் குவிந்தன. ஆயினும் ஒரு சந்தேகம் தீரவில்லை. ஒரு பாத்தி அதிகம் விளைந்தால் அதற்குக் காரணம் எருவா, அன்றி அப்பாத்தியின் இயற்கையான மண்வளமா என்பதே அச்சந்தேகம்.

1919-ம் வருஷத்தில் ரோனால்ட் பிஷர் என்னும் கணித அறிஞர் அங்கே பணி ஏற்றார். எந்தப் பாத்திக்கு எந்த எரு என்பதைச் சோதனை செய்வோர் தம் விருப்பப்படி தீர்மானித்தல் கூடாது. சீட்டுப் போட்டுத் தீர்மானிக்க வேண்டும் என்பது அவர் கண்ட வழி. ஒவ்வோர் எருவும் பல பாத்திகளில் திரும்பத் திரும்ப இடப்படல் வேண்டும் என்பதும் அவர் விதி. சீட்டு எவர் பக்கமும் சாயாது. ஆதலால் நல்ல மண்ணும் மெலிந்த மண்ணும் எல்லா எருக்களுக்கும் ஏறக்குறைய சமமாகப் பங்காகும். எஞ்சும் வித்தியாசம் தற்செயலால் வரக்கூடிய அளவைக் கடந்து நிற்குமானால், அதனை எருவின் பயன் என்று கொள்ளலாம். 1925-ம் வருஷத்திலும் 1935-ம் வருஷத்திலும் அவர் வெளியிட்ட இரு நூல்களால் இம்முறை உலகெங்கும் பரவியது.

இரக்கத்தால் கெட்ட சோதனை

சீட்டுப் போடாமல் விட்டால் நேரும் கேட்டுக்குப் பாலைப் பற்றிய ஒரு சோதனையே சான்றாகும். 1930-ம் வருஷத்தில் ஸ்காட்லாந்தின் லானார்க்ஷயர் ஜில்லாவில் சுமார் 20,000 பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு சோதனை நடத்தப்பட்டது. 10,000 பிள்ளைகளுக்கு நாள்தோறும் முக்கால் பைண்ட் பால் கொடுக்கப்பட்டது, மற்றவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. பால் குடித்தவர்களிலும் பாதிப் பேருக்குக் காய்ச்சாத பாலும், பாதிப் பேருக்குச் சூடேற்றிக் கிருமி நீக்கிய பாலும் அளிக்கப்பட்டன. பிப்ரவரி மாதத்திலும் ஜூன் மாதத்திலும் எல்லோரையும் நிறுத்து அளந்தனர்.

இத்தனை பெரிய சோதனையும் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. பிள்ளைகளைப் பிரித்தபோது ஆசிரியர்கள் தம் மனம்போல் மாற்றிக்கொள்ள இடம் இருந்தது. மெலிந்த ஏழைப் பிள்ளைகளைக் கண்டு இரங்கிய ஆசிரியர்கள் அவர்களைப் பால் பெறும் பிரிவில் சேர்த்ததாகத் தெரிகிறது. தொடக்கத்திலேயே பால் பெறாத பிரிவினர் உயரத்திலும் எடையிலும் மிகுந்திருந்தனர். அன்றியும், பிள்ளைகள் உடுப்போடு நிறுக்கப்பட்டனர். குளிர்காலத்துக் கனத்த உடுப்பைக் கோடையில் களைந்தபோது வசதியுள்ள பிள்ளையின் எடை அதிகம் குறைந்தது. கனத்த உடுப்பே இல்லாத ஏழைப் பிள்ளைக்கு அவ்வளவு குறையவில்லை. இக்குற்றங்களை 1931-ம் வருஷத்தில் காஸெட் என்னும் கணித அறிஞர் எடுத்துக் காட்டினார். ஒத்த உருவமுடைய இரட்டைப் பிள்ளைகள் 50 ஜோடிகளைக் கொண்டு, ஒருவருக்குப் பால் கொடுத்து மற்றவருக்குக் கொடாமல் சோதித்திருந்தால் இதனினும் தெளிவான விடை கிடைத்திருக்கும் என்றும் அவர் கூறினார்.

புதிய தீவனத்தைச் சோதிக்கும் குடியானவரும் இத்தவற்றையே செய்கிறார். மெலிந்த மாட்டுக்கு அதனை இட்டு, கொழுத்த மாட்டோடு ஒப்பிட்டு, தீவனம் பயனற்றது என்கிறார். அல்லது தமக்குப் பிரியமான பசுவுக்கு இட்டு, தீவனம் மிக மேலானது என்கிறார். இரண்டு முடிவுக்கும் ஆதாரமில்லை.

எலும்பு வைத்தியத்தில் கணக்கு

இங்கிலாந்தில் ரைட்டிங்டன் வைத்தியசாலையில் ஜான் சார்ன்லி என்னும் ரண வைத்தியர் இடுப்பு மூட்டுக்கு உலோகக் குமிழும், அது அமர்ந்து சுழலுவதற்கு ஒரு கிண்ணமும் செய்து பொருத்தினார். 1958-ம் வருஷம் முதல் அக்கிண்ணத்தை டெஃப்லான் என்னும் வழுவழுப்பான பொருளால் அமைத்தார். சுமார் 300 பேருக்கு அவ்வாறு செய்யப்பட்டது. நோயாளிகள் வலி நீங்கி நடந்தனர், எல்லோரும் வியந்தனர். சில வருஷங்களுக்குள் கிண்ணம் தேய்ந்து, தேய்ந்த துகள் சுற்றியுள்ள சதையைக் கெடுத்தது. பொருத்தியவற்றை மீண்டும் அறுத்து எடுக்க நேர்ந்தது. 1962-ம் வருஷம் நவம்பர் மாதம் முதல் அவர் பாலி எத்திலீன் என்னும் வேறு பொருளைக் கையாண்டார். அது நெடுங்காலம் நின்றது. முதல் வருஷத்து நடையை மட்டும் கண்டு தீர்ப்புக் கூறியிருந்தால் டெஃப்லானும் பாலி எத்திலீனும் ஒன்றெனவே தோன்றியிருக்கும்.

தனி வைத்தியர் ஒருவர் தம் நோயாளிகளை மட்டும் எண்ணினால் உண்மை தெரிய அதிக காலமாகும். இதனை உணர்ந்து ஸ்வீடன் தேசத்தார் 1975-ம் வருஷத்தில் முழங்கால் மூட்டுக்கும் 1979-ம் வருஷத்தில் இடுப்பு மூட்டுக்கும் தேசம் முழுமைக்கும் ஒரே பதிவேடு ஏற்படுத்தினர். ஆஸ்திரேலியாவில் 1999-ம் வருஷத்திலும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003-ம் வருஷத்திலும் இத்தகைய பதிவேடுகள் தொடங்கின. உலோகக் குமிழை உலோகக் கிண்ணத்தில் பொருத்தும் ஒருவகை மூட்டு மற்றவற்றினும் விரைவில் கெடுகிறது என்பதை ஆஸ்திரேலியப் பதிவேடு முன்கூட்டியே காட்டியது. 2010-ம் வருஷத்தில் அது உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் 90,000-க்கு மேற்பட்டவர் உடலில் அது பொருத்தப்பட்டிருந்தது. பதிவேடு இல்லாதிருந்தால் இன்னும் எத்தனை பேர் துன்புற்றிருப்பர் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

சீட்டுப் போடும் முறையும் வைத்தியசாலைக்குச் சென்றது. முழங்கால் தேய்ந்து வலியுற்றோருக்குச் சிறு துவாரத்தின் வழியே மூட்டைக் கழுவிச் சுரண்டும் சிகிச்சை பல வருஷம் வழங்கிவந்தது. அமெரிக்காவில் ஹியூஸ்டன் நகரில் 180 பேர் சம்மதித்துச் சீட்டினால் மூன்று பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு மூட்டு கழுவப்பட்டது. ஒரு பிரிவுக்குச் சுரண்டியும் கழுவப்பட்டது. மூன்றாம் பிரிவுக்குத் தோலில் மட்டும் கீறித் தைக்கப்பட்டது. தமக்கு எது செய்யப்பட்டது என்பதை நோயாளிகள் அறியார். இரண்டு வருஷம் கவனித்ததில் மூன்று பிரிவினருக்கும் வலியில் வித்தியாசம் காணப்படவில்லை. 2002-ம் வருஷத்தில் வெளியான இம்முடிவு, நன்மை என நம்பப்பட்ட ஒரு சிகிச்சையை மறுபடி ஆராயச் செய்தது.

எலும்பு வைத்தியத்துக்குக் கால்நடைகளும் பேருதவி புரிந்துள்ளன. டைட்டானியம் என்னும் உலோகத்தோடு எலும்பு ஒட்டி வளரும் என்பதை ஸ்வீடன் தேசத்துப் பிரேனமார்க் என்பவர் முயல்களின் எலும்பில் கண்டார். 1965-ம் வருஷத்தில் மனிதருக்கு அதனைப் பயன்படுத்தினார். செம்மறியின் எடையும் கால் எலும்பின் அளவும் மனிதருடையவற்றுக்கு ஓரளவு நெருங்கியிருத்தலால், எலும்பு முறிவுக்கான தகடுகளும் ஆணிகளும் அவ்வாடுகளில் சோதிக்கப்படுகின்றன. ஆயினும் செம்மறி நான்கு காலால் நிற்பது. மனிதன் இரண்டு காலால் நடப்பவன். ஆதலின் ஆட்டில் நின்றது மனிதரிலும் நிற்கும் என்று துணிதல் கூடாது. அதனை உறுதி செய்வது மனிதருக்குரிய பதிவேடே.

எஞ்சி நிற்பவற்றை எண்ணும் முறை

நெடுங்காலம் எண்ணும்போது ஒரு சிக்கல் எழும். எல்லா மாடும் ஒரே நாளில் ஈனுவதில்லை. எல்லா நோயாளியும் ஒரே நாளில் சிகிச்சை பெறுவதில்லை. சிலவற்றை மூன்று வருஷம் கவனித்திருப்போம். சிலவற்றை ஒரு வருஷமே கவனித்திருப்போம். இதற்குரிய முறையைக் கப்லான், மையர் என்னும் இருவர் 1958-ம் வருஷத்தில் வெளியிட்டனர். இன்று மூட்டு எத்தனை வருஷம் நிற்கும் என்பதையும், பசு எத்தனை வருஷம் தொழுவத்தில் நிற்கும் என்பதையும் இம்முறையைக் கொண்டே கணக்கிடுகின்றனர். இதனைச் செய்யக் கூட்டலும் கழித்தலும் பெருக்கலும் வகுத்தலும் போதும்.

ஒரு மிராசுதார் தொழுவத்தில் 10 பசுக்கள் தலையீற்றுக்குப் பின் கறவையில் சேர்ந்தன என்று வைத்துக்கொள்வோம். முதல் வருஷத்தில் 1 பசு கால் கெட்டுக் கழிந்தது. வருஷ முடிவில் நல்ல நிலையிலிருந்த 1 பசு மகளுக்குச் சீதனமாகச் சென்றது. இரண்டாம் வருஷத்தில் 2 பசுக்கள் கழிந்தன. வேறு 2 பசுக்கள் பிந்தி ஈன்றவை ஆதலால் அவற்றுக்கு இன்னும் இரண்டு வருஷமே நிறைந்துள்ளது. மூன்றாம் வருஷத்தில் 1 பசு கழிந்தது; 3 பசுக்கள் நிற்கின்றன.

பத்தில் நான்கே கழிந்தன, ஆகவே மூன்று வருஷம் நிற்பவை நூற்றுக்கு 60 என்று ஒருவர் கூறலாம். அது தவறு, மூன்று வருஷம் நிறையாதவற்றையும் நிறைந்தனவாக எண்ணுகிறார். முழுக் கணக்குத் தெரியாத மூன்றையும் தள்ளி, ஏழில் மூன்று, நூற்றுக்கு 43 என்று வேறொருவர் கூறலாம். அதுவும் தவறு, அம்மூன்றும் நின்ற காலத்தை அவர் வீணாக்குகிறார்.

சரியான முறை பின்வருமாறு. முதல் வருஷத் தொடக்கத்தில் 10, நின்றவை 9, பங்கு பத்தில் ஒன்பது. இரண்டாம் வருஷத் தொடக்கத்தில், சீதனம் சென்றதைக் கழிக்க, 8, நின்றவை 6, பங்கு நான்கில் மூன்று. மூன்றாம் வருஷத் தொடக்கத்தில், பிந்தி ஈன்ற இரண்டைக் கழிக்க, 4, நின்றவை 3, பங்கு நான்கில் மூன்று. இம்மூன்று பங்குகளையும் ஒன்றோடொன்று பெருக்கினால் நூற்றுக்கு ஏறக்குறைய 51 வரும். ஒவ்வொரு பசுவும் தான் கவனிக்கப்பட்ட காலமளவுக்குச் சாட்சி சொல்லிவிட்டு விலகுகிறது என்பதே இதன் உட்கருத்து.

இக்கணக்கு ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது. விலகிய பசு வேறு காரணத்தால் விலகியதாக இருத்தல் வேண்டும். கால் தாங்குவதைக் கண்டு சந்தையில் தள்ளிவிட்டு, "விற்பனை" என்று மட்டும் ஏட்டில் எழுதினால் கணக்கு முழுதும் பொய்யாகிவிடும். ஆதலால் பசு போன தேதியோடு, போன காரணத்தையும் மறைக்காமல் எழுதல் அவசியம்.

பொலிகாளையும் கணக்கு யந்திரமும்

காளை பால் கறப்பதில்லை. அதன் தரத்தை அதன் பெண் மக்களின் பாலைக்கொண்டே அறிய வேண்டும். டென்மார்க் தேசத்தில் வேயன் என்னும் ஊரில் 1895-ம் வருஷத்தில் குடியானவர்கள் சங்கமாகச் சேர்ந்து, பசுதோறும் பாலை அளந்து எழுதத் தொடங்கினர். இத்தகைய சங்கங்கள் பல தேசங்களிலும் பரவின. ஆயினும் ஒரு தொழுவத்தில் புண்ணாக்கு மிகுதி. மற்றொன்றில் வைக்கோல் மட்டுமே. பாலின் வித்தியாசத்தில் தீவனத்தின் பங்கு எவ்வளவு, பரம்பரையின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிதல் வேண்டும்.

அமெரிக்காவில் கார்னெல் சர்வகலாசாலையைச் சேர்ந்த சார்லஸ் ஹெண்டர்ஸன் என்பவர் இதற்குரிய சமன்பாடுகளை அமைத்தார். மந்தையின் பயனையும் காளையின் பயனையும் ஒரே கணக்கில் வைத்துப் பிரிப்பது அவர் முறை. மக்கள் குறைவாக உள்ள காளையின் பெருமையை அது குறைத்தே மதிக்கும். பாலின் அளவில் பரம்பரையின் பங்கு நான்கில் ஒன்று எனக் கொண்டால், எளிய விதி இதுவாகும்: மக்களின் எண்ணிக்கையை, அவ்வெண்ணிக்கையோடு 15 கூட்டிய தொகையால் வகுத்து, வரும் பங்கைக் கண்ட மிகுதியோடு பெருக்க வேண்டும்.

உதாரணமாக, ஒரு காளையின் 5 பெண் மக்கள் உடன் நிற்கும் பசுக்களைவிடச் சராசரி 300 லிட்டர் அதிகம் கறந்தன என்போம். 5-ஐ 20-ஆல் வகுத்து 300-ஓடு பெருக்க 75 லிட்டர் ஆகும். மற்றொரு காளையின் 45 பெண் மக்கள் 160 லிட்டரே அதிகம் கறந்தன. 45-ஐ 60-ஆல் வகுத்து 160-ஓடு பெருக்க 120 லிட்டர் ஆகும். பேச்சுக்கு முதற்காளை பெரிது. கணக்குக்கு இரண்டாவதே நம்பத்தக்கது. ஐந்து மக்களின் சிறப்புத் தற்செயலாகவும் அமையலாம். நாற்பத்தைந்து மக்களின் சிறப்பு அவ்வளவு எளிதில் தற்செயலாகாது.

பதினாயிரக்கணக்கான பசுக்களுக்கு இவ்வாறு கையால் கணக்கிட முடியாது. ரோதம்ஸ்டெட்டில் 1954-ம் வருஷத்தில் மின்சாரக் கணக்கு யந்திரம் ஒன்று நிறுவப்பட்டு, விவசாயப் புள்ளி விவரங்களைக் கணக்கிடப் பயன்பட்டது. யந்திரங்களின் வேகம் வளர வளர ஹெண்டர்ஸன் முறையும் பரவியது. கொடிவழி உறவுகளை யெல்லாம் எளிதில் கணக்கிற் சேர்க்கும் வழியை அவர் 1976-ம் வருஷத்தில் வெளியிட்டார். 2009-ம் வருஷம் முதல் அமெரிக்காவில் ஹோல்ஸ்டீன் இனத்துக்கு இரத்தம், மயிர் முதலியவற்றிலுள்ள பரம்பரைக் குறிகளைக்கொண்டு கன்றுப் பருவத்திலேயே காளையின் தரம் மதிக்கப்படுகிறது. அம்மதிப்புக்கும் அடிப்படை, பல வருஷம் பலர் எழுதி வைத்த பால் ஏடுகளே. ஏடு பொய்யானால் யந்திரம் பொய்யையே வேகமாகச் சொல்லும்.

கால் தாங்கலை அளத்தல்

கறவை மாடு கழிவதற்குரிய காரணங்களில் குளம்பு நோய் முக்கியமானது. இதனை ஆரம்பத்திலேயே அறிய 1997-ம் வருஷத்தில் ஐந்து படிகள் வகுக்கப்பட்டன. முதுகு நேராக நின்று, நேராக நடப்பது முதற்படி. நிற்கையில் நேராகவும் நடக்கையில் வளைந்தும் இருப்பது இரண்டாம் படி. நிற்கையிலும் நடக்கையிலும் முதுகு வளைந்து, எட்டுக் குறுகுவது மூன்றாம் படி. ஒரு காலைத் தாங்கி அடியடியாக நடப்பது நான்காம் படி. காலை ஊன்ற மறுப்பது ஐந்தாம் படி. பெரும்பாலோர் நான்காம் படியிலேதான் கவனிக்கின்றனர். மூன்றாம் படியிலேயே குளம்பைச் சீவிப் பார்த்தால், உள்ளே தொடங்கிய புண்ணை ஆற்றிவிடலாம். கால் தாங்கும் பசு சினைப்படுவதும் தாமதமாகும். சில தேசங்களில் மாட்டின் காலில் அடி எண்ணும் சிறு கருவியைக் கட்டுகின்றனர். சினைப்பருவத்தில் அடிகள் மிகும், நோயில் குறையும்.

கன்று ஈனும்போது முரட்டுத்தனமாக இழுப்பதால் கன்றின் முன்னங்கால் எலும்பு முறிவதுண்டு. கயிற்றைக் குளம்புக்கு மேலுள்ள கணுவுக்கு மேல் ஒரு சுற்றும், கணுவுக்குக் கீழ் ஓர் அரைச் சுற்றுமாக இட்டால், இழுக்கும் பாரம் ஒரே இடத்தில் விழாது. தோல் கிழியாத முறிவாயின், தாமதிக்காமல் கால்நடை வைத்தியரைக்கொண்டு மாவுக்கட்டுப் போட்டால், கன்றின் எலும்பு பெரும்பாலும் நன்றாகக் கூடிவிடும்.

குடியானவர் செய்யத்தக்கவை

1. மாடு ஒன்றுக்கு ஒரு பக்கம் வீதம் ஏடு வைத்தல் வேண்டும். தாய், தகப்பன் காளை, பிறந்த தேதி, ஒவ்வோர் ஈற்றின் தேதி ஆகியவற்றை எழுதுக. காதில் 12 இலக்க அடையாள வில்லை இருந்தால் அவ்வெண்ணைத் தலைப்பில் எழுதுக.

2. மாதம் ஒரு நாள், இரு வேளைப் பாலையும் அளந்து எழுதுக. நல்ல நாளைத் தேர்ந்தெடுத்து அளத்தல் கூடாது. குறித்த தேதியில் வந்த அளவையே எழுதுக.

3. அதே நாளில் மாட்டை நடக்கவிட்டு, கால் தாங்கலின் படியைக் குறிக்க.

4. புதிய தீவனத்தைச் சோதிக்க விரும்பினால், வயதும் ஈற்றும் பாலும் ஒத்த மாடுகளை ஜோடி சேர்த்து, எதற்குப் புதிய தீவனம் என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்மானிக்க.

5. மாடு போகும்போது தேதியையும் உண்மைக் காரணத்தையும் எழுதுக.

6. பொலிகாளையைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் மக்கள் எத்தனை, எத்தனை தொழுவங்களில் உள்ளன என்று கேட்டறிக.

கிராம அதிகாரிகள் நிலத்துக்கு அடங்கல் வைத்திருப்பதன் அருமையை நன்கறிவர். சர்வே எண்ணும் சாகுபடியும் எழுதப்படாத நிலத்தைப் பற்றி எழும் வழக்கு எளிதில் தீர்வதில்லை. அவ்வாறே ஏடில்லாத மாட்டைப் பற்றித் தரகர் கூறுவதே முடிவாகிவிடுகிறது. ஓர் ஊரில் பத்துக் குடியானவர்களாவது ஒரே மாதிரியான ஏட்டை வைத்து, வருஷத்துக்கொருமுறை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட அதிகாரிகள் தூண்டுவாராயின், எந்தக் காளையின் மக்கள் நீண்ட நாள் நின்று கறக்கின்றன என்பது மூன்று நான்கு வருஷங்களில் அவ்வூராருக்கே விளங்கிவிடும்.